நகர்மன்றத்தில் ஒரு காந்தியர்: மதுரை என்.எம்.ஆர். சுப்பராமன்

தோற்றுவாய்

வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, ஒருவர் பிறர்க்கு அளிக்கும் உறுதிமொழி. மற்றொன்று, தேர்தலில் மக்கள் ஒருவர்க்கு அளிக்கும் சீட்டு. பொதுவாழ்வில் நிற்பவர் இவ்விரண்டனுள் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க நேரும் பொழுதுகள் உண்டு. அத்தகைய பொழுதொன்றில் தாம் அளித்த வாக்கின் பக்கம் நின்றவர் மதுரைக் காந்தி என்று மக்களால் அழைக்கப்பெற்ற என்.எம்.ஆர். சுப்பராமன் ஆவார்.

தேர்தல் என்பது மேலைநாட்டார் வழியாக நமக்கு வந்தது என்று கருதுவோர் பலர். ஆயின் அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் காட்டும் உவமை வேறொன்றைச் சொல்கிறது. போர்க்களத்தில் வீழ்ந்தவரின் குடரைப் பறவைகள் ஈர்க்கும் காட்சிக்கு, கயிற்றாற் பிணித்த குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலைகளை வெளியே எடுப்போரை அவர் உவமை கூறுகின்றார். தேர்ந்தெடுக்கும் முறையொன்று மக்களுக்குப் பழகிய காட்சியாக இல்லாதிருப்பின் அது உவமையாக வந்திருத்தல் இயலாது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையின் விதிகளை விரிவாகத் தருகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவன் பெயரே குடத்தில் இடப்பெறும் என்பது மற்றொன்று. முதல் விதியைப் போற்றும் நாம் இரண்டாம் விதியையும் மறத்தல் ஆகாது. ஊராட்சியில் இடம்பெறுவோர் யார், புறத்தே நிறுத்தப்படுவோர் யார் என்னும் வினா ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மதுரை நகர்மன்றத்திலும் எழுந்தது. சுப்பராமனின் வாழ்வை அவ்வினாவோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

குடியும் குடும்பமும்

சுப்பராமன் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் மதுரையில் ராயலு ஐயர், காவேரி அம்மாள் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். அவர் பிறந்த சௌராட்டிர சமூகம் பட்டுநெசவுக்குப் பெயர்பெற்றது. கூர்ச்சரப் பகுதியிலிருந்து பெயர்ந்து, விசயநகரத்தின் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த இச்சமூகத்தார் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் தறியிட்டு வாழ்ந்தனர். இல்லத்தில் சௌராட்டிர மொழியும் வீதியில் தமிழும் பேசி, இரண்டையும் தமதாகக் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுள் ஒரு சாரார் தறியில் அமர்ந்து கூலி பெற்றோர். ஒரு சாரார் நூலும் சாயமும் சேலையும் விற்றுச் செல்வம் ஈட்டியோர். சுப்பராமன் இரண்டாம் வகையைச் சார்ந்த செல்வக் குடும்பத்தின் பிள்ளை. என்.எம்.ஆர். என்னும் மூன்றெழுத்துகளே வணிக வீதிகளில் ஒரு மதிப்பாக வழங்கின.

இத்தகைய குடும்பத்து இளைஞர் கதர் உடுத்தல் எளிய செயல் அன்று. அக்காலத்து நெசவு வணிகம் இறக்குமதியான நூலையும் சாயத்தையும் பெரிதும் நம்பியிருந்தது. அயல்நாட்டுத் துணியை விலக்குவோம் என்ற முழக்கம் பிற குடும்பங்களில் உடையை மட்டும் மாற்றியது. நெசவு வணிகர் இல்லத்தில் அது கடையின் கணக்கேட்டையே தொட்டது. பட்டின் வளத்தில் வளர்ந்தவர் முரட்டுக் கதரை ஏற்றார் என்பதில் அவர்தம் பிற்கால வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

காந்தியடிகளும் மதுரையும்

1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மேலமாசி வீதி இல்லமொன்றில் தம் உடையைக் களைந்து அரையாடை பூண்டார். ஏழை உழவன் உடுத்துவதற்கு மேல் தாமும் உடுத்துவதில்லை என்று அவர் முடிவு கொண்ட நகரம் மதுரை. அந்நிகழ்ச்சியின்போது சுப்பராமனுக்கு அகவை பதினாறு. அடுத்த சில ஆண்டுகளில் அவர் காங்கிரசில் இணைந்தார். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் முதலியோர் அந்நாளில் மதுரைக் காங்கிரசுக்குத் தூண்களாய் விளங்கினர்.

1930இல் உப்பு அறப்போர் எழுந்தது. இராசாசி வேதாரணியத்தில் உப்பெடுத்தார். மதுரையில் கள்ளுக்கடை மறியலும் அயல்துணி மறியலும் நிகழ்ந்தன. சட்டமறுப்பில் முன்னின்ற சுப்பராமன் சிறை சென்றார். இருபத்தைந்து வயதில், ஏவலர் சூழ வாழ்ந்த இல்லத்திலிருந்து சிறைக்கூடத்திற்கு அவர் மேற்கொண்ட பயணம் நகர மக்களின் நெஞ்சில் பதிந்தது. செல்வர் ஒருவர் இயக்கத்திற்குப் பொருள் தருதல் உலகியல்பு. அப்பொருளோடு தம் உடலையும் தருதல் அரிது.

1934 சனவரியில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக மீண்டும் மதுரைக்கு வந்தார். அப்பயணத்தில் அவர் தங்கியது சுப்பராமனின் இல்லத்திலேயாகும். மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தும், தாழ்த்தப்பட்டோர்க்குத் திறவாத கோயிலுக்குள் அடிகள் செல்லவில்லை. விருந்தினர் கோயிலை வணங்காமலே ஊரைவிட்டுச் சென்றது விருந்தோம்பியவர்க்கு ஒரு கடனை விட்டுச் சென்றது போலாயிற்று. அக்கடன் தீர ஐந்தாண்டுகள் ஆயின.

நகர்மன்றத் தலைமை

மதுரை நகராட்சி 1866இல் தோன்றியது. மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி செலுத்திய நாள்களில் நகராட்சிகளும் மாவட்டக் கழகங்களும் பெரும்பாலும் அக்கட்சியினரிடமும் அவரைச் சார்ந்த நிலக்கிழார், வணிகரிடமும் இருந்தன. 1934ஆம் ஆண்டு இறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெருவெற்றி கண்டது. அவ்வெற்றியின் ஊக்கத்தில் உள்ளாட்சி மன்றங்களையும் கைக்கொள்ளக் காங்கிரசார் முனைந்தனர். சிறையிலிருந்து வந்தோர் நகராட்சித் தேர்தலில் நின்றது அன்று மாகாணமெங்கும் கண்ட புதுமை. அவ்வலையில் மதுரை நகர்மன்றமும் திரும்பியது. 1935இல் சுப்பராமன் அதன் தலைவரானார். அப்போது அவர்க்கு வயது முப்பது.

அந்நாளைய தேர்தல் முறையை இன்றைய கண்ணால் நோக்குதல் கூடாது. நகர்மன்ற உறுப்பினரை வாக்காளர் தேர்ந்தெடுப்பர். உறுப்பினர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பர். ஆகவே தலைவர் பதவி உறுப்பினரின் நல்லெண்ணத்தில் நின்றது. சாதி, தெரு, உறவு, வணிகத் தொடர்பு ஆகிய அனைத்தும் அதனுட் கலந்தன. வாக்குரிமையோ வரி செலுத்துவோர் முதலிய வரம்புக்குட்பட்டோர்க்கே உரியதாயிருந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மதுரையின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,82,000. இவர்களுள் மாசி வீதிகளின் வணிகர்க்கும் வீட்டுடைமையாளர்க்கும் வாக்கு இருந்தது. ஆர்வி மில்லுக்கு விடியலில் சங்கொலி கேட்டு ஓடிய தொழிலாளர், வைகைக் கரையின் குடிசைவாசிகள், தெருக்கூட்டிய தொழிலாளர் ஆகியோருள் பெரும்பாலோர்க்கு அது இல்லை. உத்திரமேரூரின் இரண்டாம் விதி வேறு உருவில் வாழ்ந்துகொண்டிருந்தது.

நகர்மன்றத்தின் பணிகள் பெருமைக்குரியன அல்ல, ஆயின் இன்றியமையாதன. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை, தொடக்கப்பள்ளி, காலரா, அம்மை முதலிய நோய்த்தடுப்பு ஆகியவற்றில் நாள்தோறும் முறையீடுகள் எழும். 1941இல் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,39,000 ஆயிற்று. பத்தாண்டுகளில் அரைலட்சத்திற்கு மேற்பட்டோர் பெருகிய ஊருக்கு நீரும் விளக்கும் அளிப்பதே ஒரு போராட்டம். சூழ்ந்த சமவெளியில் பெரியாற்று நீர் 1895 முதல் மேலூர் வயல்களை நனைத்தது. மழை பொய்த்த பிற பகுதிகளிலிருந்து மக்கள் பிழைப்புத் தேடி ஆலைகளை நாடி வந்தனர். நகரின் விரிவு சமவெளியின் வறட்சியோடு பிணைந்ததாகும்.

ஆலயத்தின் வாயில்

சுப்பராமனின் தலைமைக் காலத்தில் மதுரையை உலுக்கிய நிகழ்ச்சி நகராட்சியின் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. அது 1939 சூலை 8ஆம் நாள் நிகழ்ந்த ஆலயப் பிரவேசம்.

அதன் பின்னணி நீண்டது. நாடார் சமூகத்தார் கமுதிக் கோயிலில் நுழைந்தது குறித்து எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்க்கு எதிராக முடிந்தது. அத்தீர்ப்பு பாண்டிநாட்டுக் கோயில் வாயில்களுக்கு மேலும் ஒரு தாழாயிற்று. 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மன்னர் தம் நாட்டுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தார். 1937இல் சென்னையில் இராசாசி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. மதுரையில் அரிசன சேவா சங்கத்தை நடத்திய வைத்தியநாத ஐயரும் அவர்தம் தோழர்களும் மக்களிடையே கருத்தைப் பரப்பினர். கோயிலின் நிருவாக அதிகாரியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு இதற்கு இசைவாயிருந்தார். முத்துராமலிங்கத் தேவரின் ஆதரவும் கிடைத்தது.

இவ்விடத்தில் நகர்மன்றத் தலைவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோயிலுக்குள் செல்ல வேண்டியவர்க்கு வாக்கு இல்லை. வாக்கு உடையவருள் பலர் அவர் செல்வதை விரும்பவில்லை. அவர்தம் சொந்தச் சமூகமோ வைதிக ஒழுகலாற்றில் பற்றுமிக்கது. பல தலைமுறைகளாகத் தன் அந்தணத் தகுதியை நிலைநாட்டப் போராடியது. ஆகவே ஒதுங்கி நிற்பதற்கு அவர்க்குக் காரணங்கள் பல இருந்தன. கோயில் நகராட்சியின் பொறுப்பன்று என்று கூறியிருந்தால் அதைப் பொய்யென எவரும் சொல்லியிருக்க முடியாது. ஒதுங்கியிருப்பின் எவரும் குறை கூறியிருக்கவும் மாட்டார். அவர் ஒதுங்கவில்லை. வைத்தியநாத ஐயரோடு இம்முயற்சியில் துணைநின்றார்.

சூலை 8ஆம் நாள் காலை, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சியம்மன் சந்நிதிக்குட் சென்று வழிபட்டனர். பூசகருள் ஒரு சாரார் வெகுண்டு கோயிற் பணியை விட்டு விலகினர். அம்மன் கோயிலை நீங்கினாள் என்றும் சிலர் பேசினர். வழக்குகள் தொடரப்பெற்றன. கோயிலைத் திறந்தவர்க்கும் உட்சென்றவர்க்கும் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இராசாசி அமைச்சரவை அவ்வாண்டே கொணர்ந்தது. பூட்டும் சாவியுமாக நடந்த அப்பூசலில் வென்றது கூட்டத்தின் வலிமையன்று. ஊரில் செல்வாக்குடையோர் சிலர் தம் செல்வாக்கை இழக்கத் துணிந்தமையே வென்றது.

சுப்பராமன் அஞ்சத்தக்க அளவில் எதையும் இழக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. 1939க்குப் பின்னும் 1942 வரை அவர் நகர்மன்றத் தலைவராகவே இருந்தார். வாக்காளரைத் தலைவர்கள் எத்துணைக் குறைவாக மதிப்பிடுகின்றனர் என்பதற்கு இஃது ஒரு சான்று. மாறுதலை எதிர்ப்போர் குரல் உரக்க ஒலிக்கும். ஏற்போர் அமைதியாய் இருப்பர். உரத்த குரலையே முழு ஊரின் குரல் என்று கொள்பவர் எந்த வாயிலையும் திறப்பதில்லை.

மீண்டும் சிறை

1942 ஆகஸ்டில் நாடெங்கும் தலைவர்கள் சிறைப்பட்டபோது மதுரையும் கொதித்தெழுந்தது. ஊர்வலமும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. நெசவாளர் தெருக்களிலிருந்து இளைஞர் திரளாகச் சிறை சென்றனர். சுப்பராமனும் சிறைப்பட்டார். அவர்தம் நகர்மன்றத் தலைமை அவ்வாண்டோடு முடிந்தது. ஒரு சிறையிலிருந்து வந்து ஏறிய நாற்காலியை மற்றொரு சிறைக்குச் செல்ல விட்டிறங்கினார் எனில் மிகையன்று. அவர் தேர்தலுக்காகச் சிறை சென்றவரல்லர். சிறையை மறந்து தேர்தலில் அமர்ந்தவருமல்லர்.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். 1934இல் எஞ்சிய கடன் தீர்ந்தது. ஆயின் அதே காலத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்குள் பிளவு முற்றியிருந்தது. 1945 அக்டோபரில் மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரசார் இராசாசியின் தலைமைக்கு எதிராகத் தீர்மானித்தனர். காமராசரின் கை ஓங்கியது. விடுதலை வருமுன்பே, விடுதலைக்குப் பின் யார் ஆள்வது என்னும் போட்டி குன்றத்தின் அடிவாரத்தில் தொடங்கிவிட்டது.

நிலமும் நினைவகமும்

சென்னைச் சட்டமன்றத்திலும் உறுப்பினராய்ப் பணியாற்றிய சுப்பராமன், விடுதலைக்குப் பின் ஆக்கப்பணிகளிலும் மனம் செலுத்தினார். வினோபா பாவே 1956, 1957ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் நடந்து பூதானம் வேண்டினார். மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் முதலியோர் ஊர் ஊராகச் சென்று உழைத்தனர். சுப்பராமன் தம் நிலத்தில் 100 ஏக்கரைப் பூதானமாக வழங்கினார். இவ்வியக்கத்திற்குப் பலர் அளித்தவை பாறையும் பொட்டலுமாய் இருந்தன என்னும் குறை நாடெங்கும் எழுந்ததுண்டு. அக்குறை கூறுவோரும், நிலமுடையோர் தாமே முன்வந்து தம் உடைமையைக் குறைத்துக்கொள்ளல் எளிதன்று என்பதை மறுத்திலர்.

இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை காந்தி நினைவு அருங்காட்சியகமாக மாறியதிலும் அவர்தம் உழைப்பு உண்டு. 1959 ஏப்ரல் 15ஆம் நாள் நேரு அதனைத் திறந்துவைத்தார். அடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதிக்கறை படிந்த ஆடை அங்கு வைக்கப்பெற்றது. அடிகள் அரையாடை பூண்ட ஊருக்கே அவர்தம் இறுதி ஆடையும் வந்து சேர்ந்தது.

காற்று மாறிய காலம்

1952 முதல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்தனர். ஆலைத் தொழிலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் வணிகரோடு ஒரே வரிசையில் நின்றனர். இப்புதிய வாக்காளர் எளிதில் அடங்குபவரல்லர். 1957இல் மதுரை மக்களவைத் தொகுதியில் கம்யூனிஸ்டுத் தலைவர் கே.டி.கே. தங்கமணி வென்றார். 1962இல் காங்கிரசின் சார்பில் சுப்பராமன் வென்றார். முன்பு வாக்கில்லாதிருந்தோர் இப்போது அவரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதே இவ்வெற்றியின் பொருள்.

அவர் நாடாளுமன்றத்தில் இருந்த காலத்திலேயே காற்று மாறியது. 1965 சனவரி 25ஆம் நாள் இந்தி எதிர்ப்பு மாணவர் ஊர்வலத்தினர்க்கும் காங்கிரசார்க்கும் மதுரை வடக்குமாசி வீதியில் ஏற்பட்ட மோதல் தமிழகம் முழுவதும் தீயாய்ப் பரவியது. எந்த வீதிகளில் கதர்க்கொடி பறந்ததோ அவ்வீதிகளிலேயே அக்கொடியின்மேல் சினம் பொங்கியது. மொழியுணர்வின் ஆழத்தைக் காங்கிரஸ் அறியத் தவறியது. அதற்குரிய விலையை 1967இல் கொடுத்தது. மதுரைத் தொகுதியில் மார்க்சிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி வென்றார். 1939இல் கோயிலுக்குட் சென்ற கக்கன், அமைச்சராயிருந்தும் அவ்வாண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். ஒரு கட்சியின் பிழைக்கு அக்கட்சியின் நல்லோரும் ஈடு செலுத்துவது மக்களாட்சியின் இயல்பு.

1971 மே முதல் நாள் மதுரை மாநகராட்சியாயிற்று. சென்னைக்கு அடுத்து அத்தகுதி பெற்ற நகர் இதுவே. தி.மு.க.வின் மதுரை முத்து முதல் மேயராக அமர்ந்தார். தெருமுனைக் கூட்டங்களில் வளர்ந்த இயக்கத்தின் தொண்டர் ஒருவர் பொன் சங்கிலி பூண்டு அமர்ந்தது, வாக்குரிமை விரிந்ததன் விளைவேயாகும். அடுத்த ஆண்டே அவ்வியக்கம் பிளந்தது. 1973 மே மாதத்தில் அண்டையிலுள்ள திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. தன் முதல் வெற்றியைப் பெற்றது. இம்மாற்றங்கள் அனைத்தையும் தம் முதுமையில் சுப்பராமன் கண்டார். 1983 சனவரியில் மறைந்தார். அவர் நூற்றாண்டை ஒட்டி இந்திய அஞ்சல்துறை அவர்க்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

நிறைவுரை

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் தமிழகம் பன்முறை மனம் மாறியது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் மாமன்ற உறுப்பினர் தேர்ந்தெடுத்தனர். முறை மாறினும் பதவியின் உரைகல் மாறவில்லை. வாக்கு இல்லாதவர்க்கு அல்லது வாக்கு வலிமை குறைந்தவர்க்கு, அப்பதவியில் இருந்தவர் என்ன செய்தார் என்பதே அவ்வுரைகல்.

வாக்களித்தோர்க்குச் சாலையும் விளக்கும் நீரும் தருதல் கடமை. அதனைச் செய்தோர் பலர். வாக்களிக்க இயலாதோர்க்காக, வாக்களித்தோரின் வெறுப்பை ஏற்கத் துணிதல் அறம். அதனைச் செய்தோர் சிலர். குடவோலையின் கணக்கு விதி இன்றும் நடைமுறையில் இருப்பின், சுப்பராமன் காட்டக்கூடிய கணக்கு மிகச் சுருக்கமானதாகவே இருக்கும்: பெற்ற செல்வம் குறைந்தது, கொடுத்த வாக்கு நிறைந்தது.